சண்டை மூன்று அங்குலத்தில்தான்!

"பின்னாடி பாருங்கம்மா, கணுக்கால் வரைக்கும் இருக்கு!"

"எல்லாரும் முன்னாடிதானடி பார்ப்பாங்க!"

21-ஆம் பிறந்தநாள் விருந்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகள் கைத்தொலைபேசியில் ஒரு கவுனின் படத்தைக் காட்டுகிறாள். முன்பக்கம் முழங்காலோடு நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் மெல்ல மெல்ல இறங்கி, பின்பக்கம் கணுக்கால் வரை விழுகிறது. மகளுக்கு அது அழகு. அம்மாவுக்கோ அது துணி போதாமல் பாதியில் நின்றுபோன தையல். அப்பா, "அம்மா சொல்றதைக் கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

மண்டபம் பேசியாகிவிட்டது. கேக்குக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனால், வீட்டில் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஒரு கவுனுக்காகவா இவ்வளவு?

ஆம், ஒரு கவுனுக்காகத்தான்! இந்தச் சண்டை எங்கே தொடங்குகிறது, உண்மையில் எதைப் பற்றியது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், தீர்வு கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே கிடப்பது தெரியும்.

ஆளுக்கொரு கருத்து

முன்னே குட்டையாகவும் பின்னே நீளமாகவும் உள்ள இந்த உடையைக் கடைகளில் 'ஹை-லோ' கவுன் என்கிறார்கள். கிண்டலாக 'முல்லட்' கவுன் என்றும் பெயருண்டு. முன்னே குட்டையாக வெட்டி, பின்னே நீளமாக விடும் ஒரு தலைமுடி அலங்காரத்தின் பெயர் அது.

இதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள் எளிமையானவை. நடக்கும்போது துணி காற்றில் அலைபாய்கிறது. காலில் தடுக்காமல் முன்னே எட்டு வைத்து நடக்கலாம். நீள கவுனின் கம்பீரமும் குட்டை கவுனின் சுறுசுறுப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன. புதிதாக வாங்கிய காலணியும் வெளியே தெரியும்! உயரம் குறைந்த பெண்கள், முன்னே கால் தெரிவதால் கொஞ்சம் உயரமாகத் தோன்றலாம் என்கிறார்கள்.

விரும்பாதவர்களுக்கும் காரணங்கள் உண்டு. குட்டையா, நெட்டையா என்று முடிவெடுக்காத உடை என்பார்கள் சிலர். பின்னால் வருபவர் மிதித்துவிடுவார் என்பார்கள் சிலர். நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்பார்கள் பெரியவர்கள். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

அதே வீட்டில் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டியைக் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். "நான் மரம் சீவப் போனப்ப கைலியை முட்டிக்குத் தூக்கிச் செருகிக்கிட்டுத்தான் போனேன். அட்டைக்கடிக்குப் பயந்தேனே தவிர, ஆளுக்குப் பயப்படல" என்பார். ரப்பர் தோட்டத்தில் உழைத்த நம் பெண்களின் கெண்டைக்கால் வெளியே தெரிந்ததை யாரும் பண்பாட்டுக் கேடு என்று சொன்னதில்லை. வேலைக்கு ஏற்ற உடை என்றுதான் பார்த்தார்கள். இடம் மாறினால் பார்வையும் மாறுகிறது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

பிறந்ததே ஒரு சமரசத்தில்!

இந்த உடை நேற்று இணையக் கடையில் முளைத்ததல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டு வயதானது.

1920-களின் நடுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் பாவாடை நீளம் முழங்கால் அளவுக்கு ஏறியது. அதற்கு முன்பு கணுக்காலைக் காட்டுவதே பெரிய பேச்சாக இருந்த சமூகம் அது. பிறகு காற்று மறுபக்கம் அடிக்கத் தொடங்கியது. 1929-ஆம் ஆண்டு பாரிஸ் நகர ஆடை வடிவமைப்பாளர் ழான் பத்தூ, பாவாடையின் நீளத்தை மீண்டும் கீழே இறக்கினார். மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

ஆனால், குட்டைப் பாவாடையின் வசதிக்குப் பழகிவிட்ட பெண்கள் ஒரே நாளில் நீளத்துக்குத் திரும்புவார்களா? அந்த இடைப்பட்ட காலத்தில், 1927 முதல் 1929 வரை, மாலை விருந்து உடைகளில் ஒரு தந்திரம் பரவலானது. முன்பக்கம் பழகிய குட்டை அப்படியே இருந்தது. பின்பக்கம் மட்டும் நீண்டது. பழையதை விடவும் மனமில்லை, புதியதை ஒதுக்கவும் மனமில்லை. இரண்டையும் ஒரே துணியில் வைத்துத் தைத்துவிட்டார்கள்!

அதற்குப் பிறகும் இந்த வடிவம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற கிறிஸ்டோபல் பலென்சியாகா, 1950-களில் முன்னே உயர்ந்து பின்னே தாழும் விருந்து கவுன்களை வடிவமைத்தார். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனப் பெண்கள் அணியும் வால் நீண்ட பாவாடையின் சாயலை அவருடைய உடைகளில் காணலாம். 1992-இல் வெளிவந்த 'நவம்பர் ரெயின்' பாடலின் காணொளியில், விளம்பர அழகி ஸ்டெஃபனி சீமோர் முன்னே குட்டையாகவும் பின்னே தரையில் புரளும்படியும் ஒரு மணப்பெண் உடையில் வந்தார். அந்த உடை இன்றும் பேசப்படுகிறது. 2010-களின் தொடக்கத்தில் கடைகள்தோறும் இந்த வெட்டு மறுபடி நிறைந்தது. இந்தியாவிலிருந்து வரும் குர்த்திகளிலும் அது புகுந்தது. கீழே லெகிங்ஸ் அணிந்து, மேலே முன் குட்டை, பின் நெட்டை குர்த்தியை மாட்டிக்கொண்டபோது அம்மாக்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்மாக்களே வாங்கி அணிந்தார்கள்!

ஆக, அம்மாக்களுக்கு இந்த வெட்டின் மீது கோபமில்லை. முன்பக்கம் எங்கே நிற்கிறது என்பதில்தான் கோபம்.

அந்த மூன்று அங்குலம்

இப்போது தையல் கடைக்குள் போவோம். இந்தக் கவுனின் கீழ்ப்பகுதியை வெட்டுவதற்கு ஓர் எளிய முறை உண்டு. முழு வட்டமாகத் துணியை வெட்டி, நடுவில் இடுப்புக்கு ஒரு சிறிய வட்டம் எடுத்தால் அது 'அம்பர்லா கட்' பாவாடை. இடுப்புச் சுற்றளவு 28 அங்குலம் என்றால், நடு வட்டத்தின் ஆரம் சுமார் 4½ அங்குலம் வரும். வெளி வட்டத்தின் ஆரத்தை 34½ அங்குலம் வைத்தால், பாவாடையின் நீளம் எல்லாப் பக்கமும் சமமாக 30 அங்குலம் கிடைக்கும்.

அந்த நடு வட்டத்தை நடுவில் எடுக்காமல், முன்பக்கமாக நகர்த்தி எடுத்தால் என்ன ஆகும்? ஐந்து அங்குலம் நகர்த்தினால் முன்நீளம் 25, பின்நீளம் 35. எட்டு அங்குலம் நகர்த்தினால் முன்நீளம் 22, பின்நீளம் 38. ஹை-லோ கவுனின் ரகசியம் இவ்வளவுதான்!

இடுப்பிலிருந்து முழங்கால்வரை 23 அங்குலம் உள்ள ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து அங்குலம் நகர்த்தினால் முழங்கால் மூடியிருக்கும். எட்டு அங்குலம் நகர்த்தினால் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். பின்னால் விழும் அலை, பக்கவாட்டு வளைவு, நடக்கும்போது வரும் அசைவு எல்லாம் இரண்டிலும் உண்டு. வேறுபாடு முன்பக்கத்தில் மூன்று அங்குலம் மட்டுமே. மூன்று நாள் பேசாமல் இருந்தது அந்த மூன்று அங்குலத்துக்காகத்தான்!

படத்தில் தெரியாத இன்னும் சில விஷயங்கள் தையற்காரருக்குத் தெரியும்.

முதலாவது, உள்பக்கம். பின்பக்கத் துணியின் உள்புறம் முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரியும். மேலே அழகான பூப்போட்டு, உள்ளே வெளிறிப்போன துணியில் தைத்தால் கவுன் மலிவாகத் தெரியும். அதனால் உள்துணி கொடுக்க வேண்டும், அல்லது இருபுறமும் ஒரே நிறமுள்ள துணி எடுக்க வேண்டும். மேலே சொன்ன பாவாடைப் பகுதிக்கு மட்டும் சுமார் 3½ மீட்டர் துணி ஆகும். உள்துணிக்கும் அதே அளவு. இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, 'படத்தில் இருப்பதுபோல் வரவில்லை' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

இரண்டாவது, வயிறு. கொஞ்சம் வயிறு உள்ளவர்களுக்குத் துணி வயிற்றின் மேல் ஏறி இறங்குவதால், முன்விளிம்பு ஓர் அங்குலமாவது தூக்கிக்கொள்ளும். நல்ல தையற்காரர் அதை முன்கூட்டியே சேர்த்து வெட்டுவார். "குண்டான பிள்ளைக்கு இது எடுபடாது" என்று சொல்லிக் குழந்தையின் மனத்தை நோகடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடுபடாமல் போவதற்குக் காரணம் உடம்பு அல்ல, சேர்க்காமல் விட்ட அந்த ஓர் அங்குலம்!

மூன்றாவது, தொங்கல். வட்டமாக வெட்டிய துணி சில இடங்களில் குறுக்கு வாட்டத்தில் வரும். அந்த இடங்கள் தொங்கத் தொங்க இறங்கும். வெட்டிய பாவாடையை ஒரு நாளாவது தொங்கவிட்டு, பிறகு விளிம்பைச் சரிசெய்து அடிக்க வேண்டும். அவசரத்தில் தைத்தால், போட்ட இரண்டாம் முறையே விளிம்பு கோணலாகிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். வளைந்த விளிம்பை அகலமாக மடித்துத் தைக்க முடியாது, சுருங்கும். அதனால் அரை அங்குலமோ அதற்கும் குறைவாகவோதான் மடிப்பு விடுவார்கள். பள்ளிப் பாவாடையைப்போல் பிறகு பிரித்து நீளமாக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீளமாக வெட்டியதைக் குறைக்கலாம். குறைத்து வெட்டியதைக் கூட்ட முடியாது.

எந்த விளிம்பை அளப்பார்கள்?

"பின்னாடிதான் நீளமா இருக்கே" என்று மகள் சொல்வது வீட்டில் வேண்டுமானால் எடுபடலாம். வெளியே அப்படியில்லை.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் அரசாங்க அலுவலகங்களுக்குச் சென்ற சில பெண்களுக்கு, பாவாடை முழங்காலை மூடவில்லை என்று சொல்லி சாரோங் கட்டிக்கொள்ளக் கொடுத்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒரு சம்பவத்தில் சம்பந்தப்பட்ட துறை மன்னிப்பும் கேட்டது. பொதுமக்கள் வரும் அலுவலகத்தில் இப்படிச் செய்வது சரியா, தவறா என்ற விவாதம் அன்றே நடந்தது. அந்த விவாதம் நியாயமானதே. ஆனால், இந்தக் கவுனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அளவு பார்ப்பவர்கள் உடையின் மிகக் குட்டையான இடத்தைத்தான் பார்ப்பார்கள். பின்னால் எத்தனை மீட்டர் துணி தொங்கினாலும் கணக்கில் வராது.

பத்துமலைக்குச் சென்றாலும் அதே நிலைதான். குட்டையான உடையில் வரும் பெண்களுக்கு அடிவாரத்திலேயே சாரோங் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 272 படிகள்! இறங்கி வரும்போது பின்விளிம்பு படியில் புரளும். பின்னால் வருபவர் மிதித்தால் இருவருக்குமே ஆபத்து.

மின்படிக்கட்டும் அப்படித்தான். பேரங்காடியிலோ எம்.ஆர்.டி. நிலையத்திலோ, மெல்லிய ஷிஃபோன் துணி படியின் ஓரத்து இடுக்கில் சிக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். பின்பக்கத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். குட்டையான பக்கம் பேச்சைக் கொண்டு வருகிறது என்றால், நீளமான பக்கம் ஆபத்தைக் கொண்டு வருகிறது. நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்!

உடையைக் கேட்பதா, நடத்தையைக் கேட்பதா?

பெற்றோர்களின் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. "யாராவது ஏதாவது சொல்லிவிட்டால்? யாராவது ஏதாவது செய்துவிட்டால்?" என்பதுதான் அந்தப் பயம்.

மலேசியாவில் 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. பாலியல் தன்மையுள்ள விரும்பத்தகாத நடத்தையைத்தான் அந்தச் சட்டம் தொல்லை என்கிறது. நடத்தை யாருடையதோ, கேள்வியும் அவரிடம்தான். பாதிக்கப்பட்ட பெண்ணின் பாவாடை எத்தனை அங்குலம் என்பது அதில் கேள்வியே இல்லை.

அப்படியிருக்க, "உன் உடைதான் காரணம்" என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்கினால் என்ன நடக்கும்? நாளைக்கு ஒருவன் தவறாக நடந்துகொண்டால், அந்தப் பெண் முதலில் மறைப்பது தன் அம்மாவிடம்தான். 'அம்மா என்னைத்தான் திட்டுவாங்க' என்று வாயை மூடிக்கொள்வாள். மூன்று அங்குலத் துணியைச் சேர்க்கப்போய், மகளின் நம்பிக்கையை வெட்டிவிடக் கூடாது.

அதே நேரத்தில், பிள்ளைகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். "என் உடை, என் இஷ்டம்" என்பது உண்மைதான். ஆனால், விருந்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பது அம்மா. காதில் விழும் முணுமுணுப்புக்குப் பதில் சொல்லப்போவதும் அவர்தான். அவருக்கும் அந்த நாள் ஒரு மகிழ்ச்சியான நாளாக இருக்க வேண்டாமா?

வெட்டுவதற்கு முன் நான்கு சோதனை

வீட்டில் ஒரு பழைய சேலையையோ போர்வையையோ இடுப்பில் சுற்றி, முன்பக்கம் வேண்டிய நீளத்தில் ஊசி குத்திக்கொள்ளுங்கள். பிறகு இதைச் செய்து பாருங்கள்.

நில்லுங்கள். முன்விளிம்பு முழங்காலுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். நிற்கும்போது முழங்காலில் இருக்கும் விளிம்பு, உட்கார்ந்ததும் தொடைப்பக்கம் ஏறும். மேடையில், விருந்தினர்களைப் பார்த்தபடி, படம் எடுப்பவரின் எதிரே உட்காரப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

குனியுங்கள். கேக் வெட்டக் குனிய வேண்டும். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும். அப்போது வசதியாக இருக்கிறதா?

படி ஏறி இறங்குங்கள். பின்விளிம்பு எங்கே புரள்கிறது, யார் மிதிப்பார்கள் என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே இருந்தால் நல்லது.

இந்த நான்கையும் மகள் செய்ய, அம்மா டேப் பிடிக்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. "இது குட்டை" என்று அம்மா சொன்னால் அது கட்டளை. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு அங்குலம் இறக்கலாம்மா" என்று மகளே சொன்னால் அது முடிவு. சில நேரம் அம்மாவே, "உட்கார்ந்தாலும் ஒன்றும் தெரியலயே, இருக்கட்டும்" என்று சொல்லக்கூடும். அதுவும் நடக்கும்!

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? முன்பக்கத்துக்குக் கீழே மெல்லிய நெட் துணியில் இன்னோர் அடுக்கு சேர்க்கலாம். உள்ளே ஒட்டினாற்போல் காற்சட்டை அணியலாம். விருந்துக்கு ஒரு நீளம், கோயிலுக்கு வேறு உடை என்று பிரித்துக்கொள்ளலாம். காலையில் பூசைக்குப் பாவாடை தாவணி, இரவில் விருந்துக்குக் கவுன் என்று முடித்துக்கொண்டால் பாட்டிக்கும் மகிழ்ச்சி, பேத்திக்கும் மகிழ்ச்சி.

நூறு ஆண்டுக்கு முன்பு, பழைய நீளத்துக்கும் புதிய நீளத்துக்கும் நடந்த இழுபறியில் பிறந்த உடை இது. இன்றைக்கும் அது வீட்டுக்குள் அதே இழுபறியைத்தான் கொண்டு வருகிறது. அன்றைய தையற்காரர்கள் அதை ஒரே துணியில் முடித்துக் காட்டினார்கள். நம்மால் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிக்க முடியாதா?

அதனால், பெற்றோர்களே, பிள்ளைகளே... தையல் கடைக்குப் போவதற்கு முன்பு பேசிவிடுங்கள். முதலில் நீளமாகவே வெட்டச் சொல்லுங்கள். போட்டுப் பார்த்த பிறகு குறைப்பதா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். வெட்டிய துணியைக் கூட்ட முடியாது. கோபத்தில் சொன்ன சொல்லும் அப்படித்தான்.